இட்லிகூடவா ஆகாது? குளூட்டன் ஒத்துக்கொள்ளாத பிள்ளையோடு ஓட்டலுக்குப் போவது எப்படி

கொங்குப்பொண்ணு
மார்ச் 14, இரவு 9:42

வணக்கம்ங்க. என் மகளுக்கு 9 வயசு. போன ஜூலையில் சீலியாக் என்று கண்டுபிடித்தார்கள், அதாவது கோதுமை, பார்லியில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஆகாத வியாதி. முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் எண்டோஸ்கோபியில் சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் கோதுமை, மைதா, ரவை, சேமியா, ஹார்லிக்ஸ் எல்லாம் நிறுத்தியாச்சு. அரிசி மாவைக்கூட மில்லில் கொடுத்து அரைப்பதில்லை. நமக்கு முன்னாடி யாராவது கோதுமை அரைத்திருப்பார்களே! ஊற வைத்து மிக்ஸியில்தான். பிள்ளை 3 கிலோ ஏறியிருக்கிறாள், முகம் தெளிந்திருக்கிறது.

சிக்கல் வெளியே சாப்பிடும்போதுதான். நானும் பார்த்துப் பார்த்துத்தான் வாங்கிக் கொடுக்கிறேன். இட்லி, சாதா தோசை, சாம்பார், சட்னி, அவ்வளவுதான். எல்லாம் அரிசியும் உளுந்தும்தானே? ஆனாலும் மறுநாள் வயிறு உப்பிக்கொள்கிறது, ரெண்டு நாள் சோர்ந்து படுத்துவிடுகிறாள், வாயில் புண் வருகிறது. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் இந்த வியாதியைக் காட்டும் எதிர்ப்பொருள் அளவு இறங்கியிருக்கிறதே தவிர நார்மலுக்கு வரவில்லை.

ஒரு ஓட்டலில் சப்ளையரிடம், "இதுல கோதுமை சேர்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "கோதுமையே கிடையாதும்மா, மைதாதான்" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மே மாதம் கோவையிலிருந்து திருநெல்வேலி, திருச்செந்தூர் என்று காரில் 4 நாள் போகிறோம். நாலு நாளைக்கும் கட்டுச்சோறு கட்ட முடியாது. இட்லியில் என்னதான் இருக்கிறது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

சும்மா_வந்தவன்
மார்ச் 14, இரவு 10:05

இட்லியில் குளூட்டனே கிடையாது. ஓட்டல் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் இருக்கும். கொதித்த நீர் கொண்டுபோங்கள்.

---

நெல்லைக்காரன்
மார்ச் 14, இரவு 11:18

தங்கச்சி, தண்ணீரை விடுங்க. வீட்டில் இருக்கிற பெருங்காய டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படிச்சுப் பாருங்க.

நானும் சீலியாக்தான். எனக்கு 34 வயசில்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் பத்து வருசம் "ரத்த சோகை, இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுங்க" என்றே ஓடிப்போச்சு. வயிற்றுப்போக்கு கிடையாது, ஒல்லியும் கிடையாது, அதனால் எந்த டாக்டருக்கும் சந்தேகம் வரவில்லை.

கடையில் கிடைக்கிற பெருங்காயத்தூளும் கட்டியும் முக்கால்வாசி கூட்டுப் பெருங்காயம். அசல் பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து வருகிற பிசின். அப்படியே போட்டால் நெடி தாங்காது, கையிலும் ஒட்டும். அதனால் கருவேலம்பிசின் மாதிரி ஒரு பிசினும் மாவும் சேர்த்துத்தான் கட்டியாகவோ தூளாகவோ ஆக்குகிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. சிலர் அரிசி மாவு போடுகிறார்கள், அது நமக்கு ஆகும். சாம்பார், ரசம், புளியோதரை, பொங்கல், தயிர்சாதத் தாளிப்பு, இட்லிப்பொடி, முறுக்கு, ஊறுகாய் எல்லாவற்றிலும் பெருங்காயம் உண்டு. அரிசிச் சாப்பாடுதானே என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிற அத்தனையிலும் இருக்கிறது.

வீட்டுக்கு நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் கேட்டு வாங்குங்க. கொட்டைப்பாக்கு அளவு வாங்கினால் மாசக்கணக்கில் வரும்.

---

கொங்குப்பொண்ணு
மார்ச் 15, காலை 6:50

அண்ணா, ராத்திரியே எழுந்து போய்ப் பார்த்தேன். மஞ்சள் டப்பாவில் கோதுமை மாவு என்றே போட்டிருக்கிறது. எட்டு மாசமாக என் கண்ணில் படவே இல்லை.

அதைவிட, என் அத்தை (மாமியார்) ஊரிலிருந்து அரைத்து அனுப்புகிற இட்லிப்பொடி இருக்கிறதே, அதில் இந்தப் பெருங்காயம்தான். பாப்பா தினமும் அந்தப் பொடிதான் தொட்டுக்கொள்வாள். அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நானே என் பேத்திக்கு..." என்று ஆரம்பித்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்துவதே பெரும்பாடாகிவிட்டது.

வீட்டுக்கு வழி தெரிந்துவிட்டது. ஓட்டலுக்கு?

---

கல்லு_மாஸ்டர்
மார்ச் 15, பிற்பகல் 3:30

கடையில் கூட்டம் குறைந்த நேரம், அதான் இப்போது எழுதுகிறேன். 22 வருசம் தோசைக்கல் முன்னாடி நின்றவன் நான். இப்போது ஒட்டன்சத்திரம் பக்கம் சின்னதாக ஒரு டிபன் கடை வைத்திருக்கிறேன். இந்த வியாதி பற்றி இன்றைக்குத்தான் படிக்கிறேன். ஆனால் அடுக்களையில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும்.

உங்கள் பாப்பா சாப்பிட்டது இட்லியா தோசையா என்று பிரித்துப் பாருங்கம்மா. மாவு ஒன்றுதான். ஆனால் இட்லி தனிக் கொப்பரையில் ஆவியில் வேகிறது. தோசை கல்லில் வேகிறது. ஓட்டல் கல் நாலடி, ஐந்தடி நீளம் இருக்கும். ஒரு ஈட்டுக்கு ஏழெட்டு தோசை. இந்தப் பக்கம் சாதா, நடுவில் ஊத்தப்பம், அந்தப் பக்கம் ரவா. ரவா தோசை மாவு என்பது ரவை, மைதா, அரிசி மாவு மூன்றையும் மோர் மாதிரி நீர்க்கக் கரைத்தது. அதை வட்டமாகத் தேய்ப்பதில்லை, டம்ளரில் அள்ளி வீசித்தான் ஊற்றுவோம், அப்போதுதான் வலை வலையாக வரும். வீசும்போது பக்கத்துத் தோசையில் தெறிக்கத்தான் செய்யும்.

எடுத்ததும் கல்லில் தண்ணீர் தெளித்து விளக்குமாற்றால் கூட்டுவோம். இதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "சுத்தமாகத்தானே கூட்டுகிறார்" என்று நினைப்பீர்கள். அந்த விளக்குமாற்றைக் கிட்டே போய்ப் பாருங்கள். தென்னங்குச்சிக்கு நடுவில் காலையிலிருந்து சுட்ட அத்தனை மாவும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ரவா தோசை சுட்ட இடத்தைக் கூட்டிவிட்டு அதே விளக்குமாற்றால் சாதா தோசை ஊற்றுகிற இடத்தையும் கூட்டினால், சுத்தம் செய்கிறோமா, பூசிவிடுகிறோமா என்று நீங்களே சொல்லுங்கள். சாயங்காலம் அதே கல்லில் சப்பாத்தி. பரோட்டாக் கடையாக இருந்தால் கேட்கவே வேண்டாம், ஆம்லெட், ஆஃப்பாயில் எல்லாமே மைதா மேல்தான் வேகும்.

தோசை மாவிலேயே முறுகலுக்கும் நிறத்துக்கும் கைப்பிடி ரவையோ மைதாவோ கலக்கிற கடைகளும் உண்டு. இட்லி மாவில் அப்படிக் கலந்து நான் பார்த்ததில்லை. சாம்பார் தண்ணியாகப் போய்விட்டால் சிலர் அரிசி மாவு கரைத்து ஊற்றுவார்கள். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் மைதா கரைத்து ஊற்றினார்கள். உளுந்து வடை உளுந்துதான், ஆனால் பூரி பொரித்த எண்ணெயில் அதையும் போடுவோம். பூரியிலிருந்து உதிர்கிற மாவு எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் கறுப்பாகத் தங்கும். மைசூர் போண்டாவைச் சில கடையில் உளுந்திலும் சில கடையில் மைதாவிலும் போடுவார்கள், கேட்காமல் தொடாதீர்கள்.

அதனால் நான் சொல்வது: இட்லி, தேங்காய்ச் சட்னி. சட்னியைத் தாளிக்காமல் கேளுங்கள். சாம்பாரை விட்டுவிடுங்கள். காலையில் முதல் ஈட்டுக்கே போய்விடுங்கள், தட்டும் கரண்டியும் அப்போதுதான் கழுவி வைத்திருக்கும். ரவா இட்லி போடுகிற கடையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தட்டு ஒன்றுதான். கேட்பதாக இருந்தால் சப்ளையரிடம் கேட்காதீர்கள், அவருக்கு 14 டேபிள். மாஸ்டரிடம் நேராகப் போய்க் கேளுங்கள். மாஸ்டர் கோபக்காரராகத் தெரிவார், அது கல்லுச் சூடு. குழந்தைக்கு என்றால் இறங்கி வருவார்.

---

பழையசோறு
மார்ச் 15, மாலை 5:12

எங்கள் காலத்தில் இந்த குளூட்டன், லாக்டோஸ் எதுவும் கிடையாது. கிடைத்ததைச் சாப்பிட்டோம், கல்லையும் செரித்தோம். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பெயர், ஒரு டெஸ்ட். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் உடம்பு தானாக ஏற்றுக்கொள்ளும். பிள்ளையைப் பயமுறுத்தி வளர்க்காதீர்கள்.

---

லேப்_அண்ணாச்சி
மார்ச் 15, இரவு 8:26

பழையசோறு ஐயாவுக்கு வணக்கம். கோபப்படாமல் பதில் சொல்கிறேன், ஏனென்றால் "பழக்கினால் சரியாகிவிடும்" என்பதை நம்பி யாராவது செய்து பார்த்துவிட்டால் ஆபத்து.

சீலியாக் என்பது செரிமானக் கோளாறு இல்லை. சொல்லப்போனால் அலர்ஜியும் இல்லை, பேச்சு வழக்கில் அலர்ஜி என்கிறோம். கோதுமை அலர்ஜி வேறு. அதில் சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே தடிப்பு, மூச்சுத்திணறல் என்று வரலாம், உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். சீலியாக்கில் குளூட்டன் உள்ளே போனால் நம் எதிர்ப்புச் சக்தியே நம் சிறுகுடலைத் தாக்கும். குடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சுகிற விரல் போன்ற பகுதிகள் தேய்ந்து மட்டமாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பழக்கம் ஏதும் ஆகாது. நிறுத்தினால் மறுபடி வளரும்.

புதுசாக வந்ததும் இல்லை. நெதர்லாந்தில் டிக்கெ என்ற குழந்தை மருத்துவர் 1930களிலேயே கோதுமையைச் சந்தேகித்தார். 1944-45 குளிர்காலத்தில் அங்கே கடும் பஞ்சம், ரொட்டியே இல்லை. ஊரே பட்டினி கிடந்தபோது இந்தப் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950இல் இதை ஆய்வேடாகவே எழுதினார். அதற்கு முன்னால் இப்படி எத்தனை பிள்ளைகள் "சவலை" என்ற பெயரில் போய்ச் சேர்ந்தார்களோ.

நம் பக்கம் அதிகம் கேள்விப்படாததற்குக் காரணம் உண்டு. 2016இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா மூன்றிலும் ரத்தத்தில் இதற்கான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கே 0.10. பஞ்சாபில் ஓட்டல்காரருக்கே இந்த வியாதி தெரிந்திருக்கலாம். இங்கே டாக்டரிடமே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தங்கச்சிக்கு ஒன்று: ரத்த அளவு நார்மலுக்கு வர ஒரு வருசம், அதற்கு மேலேகூட ஆகலாம். இறங்கிக்கொண்டிருக்கிறது என்றால் நல்லதுதான்.

இன்னொன்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குளூட்டன் இல்லாதது என்று பாக்கெட்டில் போட நம் நாட்டுச் சட்டப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. 10 லிட்டர் சாம்பாருக்கு 5 கிராம் பெருங்காயத்தூள் போடுகிறார்கள், அதில் பாதி மைதா என்று வைத்துக்கொள்வோம். மைதாவில் சுமார் 10 சதவீதம் புரதம், அதில் ஏறக்குறைய 80 சதவீதம் குளூட்டன். ஆக 2.5 கிராம் மைதாவில் 200 மில்லிகிராம். 10 கிலோ சாம்பாரில் பிரித்தால் கிலோவுக்கு 20. சரியாகக் கோட்டின் மேலேயே நிற்கிறது! ஒரு கிண்ணம், 200 மில்லி ஊற்றிக்கொண்டால் 4 மில்லிகிராம்.

இப்போது மாஸ்டர் சொன்ன கல்லுக்கு வாருங்கள். ரவா தோசை மொறுமொறுப்பில் ஒரு கிராம் மாவு ஒட்டிக்கொண்டு வந்தால், அதில் பாதி அரிசி என்று விட்டாலும், 40 மில்லிகிராம். பத்துக் கிண்ணம் சாம்பாருக்குச் சமம். தினமும் 50 மில்லிகிராம் வீதம் 3 மாதம் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வில் குடல் சுவர் மறுபடி தேய ஆரம்பித்தது. அதனால் என் கணக்கில் முதல் எதிரி கல், சாம்பார் ரெண்டாவது.

---

நெல்லைக்காரன்
மார்ச் 15, இரவு 9:40

//ஒரு கிண்ணம், 200 மில்லி ஊற்றிக்கொண்டால் 4 மில்லிகிராம்//

அண்ணாச்சி, கணக்கெல்லாம் சரிதான். ஆனால் நம்ம ஊரில் சாம்பாரைக் கிண்ணத்திலா ஊற்றுகிறார்கள்? வாளியில் கொண்டுவந்து இட்லி மிதக்க ஊற்றுகிறார்கள். மதியச் சாப்பாட்டில் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று நாலிலும் பெருங்காயம். மாஸ்டர் கை அள்ளுவது 5 கிராமா 15 கிராமா என்று யார் பார்த்தது? மேலே மைதா கரைத்து ஊற்றுகிற கதையையும் சேர்த்துக்கொள்ளுங்க.

கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை என்று நான் ஆரம்பித்ததில்தான் ரெண்டு வருசம் வீணாப்போச்சு. எனக்குச் சாம்பாரும் கிடையாது, கல்லும் கிடையாது.

---

லேப்_அண்ணாச்சி
மார்ச் 15, இரவு 9:58

ஒத்துக்கொள்கிறேன். வாளியை மறந்துவிட்டேன்.

---

பிரியாணிப்_பிரியன்
மார்ச் 16, காலை 11:03

யாராவது பிரியாணி பற்றிச் சொல்லுங்கப்பா! அரிசி, கறி, தயிர், மசாலாதானே? பெருங்காயமும் கிடையாதே. தனி அண்டாவில் வேகிறது. சேஃப்தானே?

---

நெல்லைக்காரன்
மார்ச் 16, காலை 11:40

வெளியே நான் அதிகம் நம்புகிற சாப்பாடு அதுதான். ரெண்டு விஷயம் பாருங்க. சில இடத்தில் தம் போடும்போது மூடியைச் சுற்றி மைதா மாவைப் பிசைந்து அடைப்பார்கள். உடைத்துத் திறக்கும்போது துணுக்கு உள்ளே விழும். மூடி மேல் கங்கு போடுகிற கடை என்றால் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம் கூடவே 65 வாங்காதீங்க. அதில் கார்ன்ஃப்ளவரோடு மைதாவும் இருக்கும். கோபி 65, மஞ்சூரியன், சில்லி சிக்கன் எல்லாம் அதே கதி, போதாக்குறைக்கு சோயா சாஸிலும் கோதுமை உண்டு. ஃப்ரைட் ரைஸ் அரிசி என்று ஏமாந்துவிடாதீங்க.

---

வடமராட்சியான்
மார்ச் 16, இரவு 7:15

அக்கா, நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட தங்கச்சிக்கும் இதே வருத்தம்தான். இந்தப் பக்கம் வந்தால் ஒரு விசயத்தில கவனமாயிருங்கோ. இடியப்பம், பிட்டு எண்டால் அரிசி மா எண்டுதான் நீங்கள் நினைப்பியள். இங்க கடையளில அவிச்ச கோதுமை மாவைக் கலந்தும், சில இடத்தில முழுக்கக் கோதுமை மாவிலயும் அவிப்பினம். வெள்ளை வெளேரெண்டு மிருதுவா இருந்தால் நான் தொடுறதில்லை. சிவப்பு இடியப்பத்திலயும் கலப்பு இருக்கலாம், அதால கேட்டுத்தான் வாங்குவன். கொத்து ரொட்டிக் கடைப் பக்கமே போறதில்லை.

தங்கச்சிக்குப் பிடிச்சது ஒடியல் பிட்டு. பனங்கிழங்கைக் காயவிட்டு இடிச்ச மா. மீனும் சேர்த்து அவிச்சால் அவளுக்கு வேற ஒண்டும் வேண்டாம். கூழ் எண்டாலும் சரி. இந்த வருத்தம் வந்த பிறகுதான் அம்மம்மாவின்ர சாப்பாடு எல்லாம் திரும்பி வீட்டுக்கு வந்தது.

---

மிலானோ_மணி
மார்ச் 17, அதிகாலை 2:20

இங்கே இத்தாலியில் பாஸ்தாவும் பீட்சாவும்தான் உயிர். ஆனால் சீலியாக் உள்ளவர்கள் நிம்மதியாகச் சாப்பிடக்கூடிய ஊரும் இதுதான் என்பது வேடிக்கை. 2005இலேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். குளூட்டன் இல்லாத மாவு, பாஸ்தா வாங்க அரசு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. 2023இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்ய இன்னொரு சட்டம். இங்குள்ள சீலியாக் சங்கம் பயிற்சி கொடுத்து ஓட்டல்களைப் பட்டியலே போட்டு வைத்திருக்கிறது. "சென்சா குளூட்டினே" (குளூட்டன் இல்லாமல்) என்று சொன்னால் சப்ளையர் கண் இமைக்காமல் "சீலியாக்கா, விருப்பத்துக்கா?" என்று திருப்பிக் கேட்பார். சீலியாக் என்றால் தனிச் சட்டி, தனித் தண்ணீர்.

ஐரோப்பா முழுக்க 2014 டிசம்பரிலிருந்து 14 வகை ஒவ்வாமைப் பொருள்களில் எது எந்த உணவில் இருக்கிறது என்று ஓட்டல்கள் சொல்லியே ஆக வேண்டும். இந்தியாவிலும் மத்திய உரிமம் உள்ள, அல்லது 10 கிளைக்குக் குறையாத ஓட்டல்கள் மெனுவில் கலோரியோடு இந்த விவரமும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. பெரிய கடைகளில் கேட்டுப் பாருங்கள், கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

நான் ஊருக்கு வரும்போது தமிழில் ஒரு சீட்டு அச்சடித்துக் கொண்டுவருவேன். ஓட்டலில் நீட்டிவிடுவேன். இதுதான்:

"எனக்கு குளூட்டன் ஒவ்வாமை உள்ளது. கோதுமை, பார்லி, கம்பு ஆகியவற்றில் செய்த உணவு வேண்டாம். குளூட்டன் இல்லாத உணவு தரவும்."

---

நெல்லைக்காரன்
மார்ச் 17, காலை 7:05

மணி அண்ணே, கம்பு நமக்கு ஆகும்! நீங்க ஆங்கிலத்தில் இருந்த ரை (rye) என்ற தானியத்தைக் கம்பு என்று எழுதிட்டீங்க. அது வேற தானியம், நம்ம ஊரில் கிடையாது. கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலுமே குளூட்டன் இல்லை. ஆனால் கடையில் விற்கிற கேழ்வரகு சேமியா, சிறுதானிய பிஸ்கட்டில் பெரும்பாலும் மைதாவோ கோதுமையோ கலந்திருக்கும். பெயரை மட்டும் படிச்சு ஏமாறக்கூடாது.

---

மிலானோ_மணி
மார்ச் 17, மாலை 4:30

ஐயையோ. ஆறு வருசமாக அந்தச் சீட்டை நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

---

கல்லு_மாஸ்டர்
மார்ச் 17, மாலை 4:48

மணி சார், சீட்டு நல்ல யோசனை. ஆனால் குளூட்டன் என்று எழுதினால் எங்கள் ஆள்களுக்குப் புரியாது. கோதுமை என்று மட்டும் எழுதினால் சப்பாத்தி மட்டும்தான் ஞாபகம் வரும். அந்த சப்ளையர் "மைதாதான்" என்றாரே, அது இதனால்தான். எங்களுக்கு ரவை வேறு சாமான், மைதா வேறு சாமான், வேறு வேறு மூட்டை. மூட்டை பெயரைச் சொல்லுங்கள். இப்படி எழுதலாம்:

"மாஸ்டருக்கு. இந்தக் குழந்தைக்கு மைதா, ரவை, கோதுமை, சேமியா, பார்லி கொஞ்சங்கூட ஆகாது. பெருங்காயத்தூளும் ஆகாது, அதில் மைதா இருக்கிறது. ரவா தோசை, சப்பாத்தி, பரோட்டா சுடும் கல்லில் சுட்டது வேண்டாம். பூரி, போண்டா பொரித்த எண்ணெயில் பொரித்தது வேண்டாம். அரிசி, உளுந்து, பருப்பு, தேங்காய், தயிர், முட்டை, கறி எல்லாம் ஆகும். கையையும் கரண்டியையும் கழுவிவிட்டுக் கொடுத்தால் புண்ணியம்."

கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள். விதி, உரிமை என்று பேசினால் மாஸ்டர் முறைப்பார். புண்ணியம் என்றால் கழுவுவார்.

---

கொங்குப்பொண்ணு
மார்ச் 17, இரவு 9:15

மாஸ்டர் அண்ணா, அப்படியே அச்சடித்துக்கொள்கிறேன். 20 பிரதி. மணி அண்ணாவுக்கும் ஒன்று அனுப்பலாமா?

நெல்லைக்காரன் அண்ணா, உங்கள் ஊருக்குத்தான் வருகிறோம். இவள் அப்பா அல்வா அல்வா என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார்.

---

நெல்லைக்காரன்
மார்ச் 17, இரவு 10:02

அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். திருநெல்வேலி அல்வா சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் கிண்டுவது. எங்க ஊரில் பிறந்து எனக்கே இது வந்தது பாருங்க! சாயங்காலம் அந்தத் தெரு வழியாகப் போனால் நெய் மணம் மூக்கைத் துளைக்கும். நான் இப்போ சுற்றுவழியில்தான் போறேன்.

பாப்பாவுக்கு நல்ல மாற்று இருக்கு. வழியில் கோவில்பட்டி வரும், கடலை மிட்டாய் வாங்குங்க, கடலையும் வெல்லப்பாகும்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வந்தால் பால்கோவா, பாலும் சர்க்கரையும். திருச்செந்தூரில் சில்லுக்கருப்பட்டி. கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கிடைத்தால் கொடுங்க, புளியோதரை வேண்டாம். லட்டு கடலை மாவுதான், ஆனால் பக்கத்தில் பாதுஷா அடுக்கியிருந்தால் எடுக்கிற கை ஒன்றே. அப்பாவை அல்வாவைக் காரில் வைத்துத் தின்னச் சொல்லாதீங்க, பாவம் பிள்ளை.

---

கொங்குப்பொண்ணு
மே 19, இரவு 10:30

போய்விட்டு வந்துவிட்டோம். எல்லாரும் கேட்டீர்கள், அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

முதல் நாள் காலை வீட்டு இட்லி. மதியம் மதுரை தாண்டி ஒரு பெரிய ஓட்டல். சீட்டைக் கொடுத்தோம். மேனேஜர் படித்துவிட்டு, "எதுக்கு வம்பு, தயிரும் வாழைப்பழமும் தர்றோம்" என்றார். முதலில் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லவில்லை. வெறும் சோறு, தாளிக்காத தயிர், பழம், கையில் கொண்டுபோன பொடி. அன்றைக்குப் பிரச்சினை ஏதும் இல்லை.

ரெண்டாம் நாள் திருநெல்வேலியில் காலை 6:15க்கே ஒரு மெஸ்ஸுக்குப் போனோம். மாஸ்டர் வயசானவர். சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து ரெண்டு தடவை படித்தார். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் இட்லித் தட்டை எங்கள் கண் முன்னாடியே கழுவி, புதுத் துணி விரித்து, நாலு இட்லி மட்டும் தனியாக ஊற்றினார். எடுக்கும்போது, "பாப்பா, பெருங்காயத்துல மைதா இருக்குன்னு நாப்பது வருசமா எனக்குத் தெரியாது" என்றார். பாப்பா, "எங்க அம்மாவுக்கும் தெரியாது தாத்தா" என்று சொல்லிவிட்டாள்.

கோட்டை விட்டது எங்கே தெரியுமா? ஓட்டலில் இல்லை. திருச்செந்தூரில் சொந்தக்காரர் வீட்டில். பாயசம் வேண்டாம், சேமியா என்று சொல்லியாச்சு. "இது ஜவ்வரிசிப் பாயசம், தைரியமாகக் கொடு" என்றார்கள். பாதி டம்ளர் குடித்த பிறகு அடியில் ரெண்டு இழை சேமியா கிடந்தது. ஒரே அடுப்பில் ரெண்டு பாயசம், ஒரே கரண்டி. வீடு வந்து சேரும்வரை சுருண்டு படுத்திருந்தாள். சீட்டை ஓட்டலில் நீட்டுகிற நமக்குச் சொந்தக்காரர் வீட்டில் நீட்ட வாய் வரவில்லை. இதற்கு யாராவது வழி வைத்திருந்தால் சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது ஒட்டன்சத்திரம் வழியாகத்தான் வந்தோம். ராத்திரி மணி பத்தரை, கடைகள் எல்லாம் மூடியாச்சு.

---

பழையசோறு
மே 20, காலை 6:10

சொந்தக்காரர் வீட்டுக்கு வழி ஒன்றுதான். பிள்ளையின் பாட்டியை முன்னால் விடுங்கள். பாட்டி சொன்னால் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அன்றைக்கு நான் எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

கல்லு_மாஸ்டர்
மே 20, பிற்பகல் 3:15

பத்தரைக்கு நான் தூங்கியிருப்பேன், காலை மூன்றரைக்கு மாவு பார்க்க எழ வேண்டும். அடுத்த தடவை வரும்போது ஒரு நாள் முன்னாடி இங்கே எழுதிப் போடுங்கம்மா. வீட்டுக் கல் ஒன்று இருக்கிறது, கடைக்குக் கொண்டுவந்து பாப்பாவுக்கு நெய் ரோஸ்ட் ஊற்றித் தருகிறேன். விளக்குமாறும் புதுசு வாங்கி வைக்கிறேன்.